மனதைக் கவரும் வீடும் குடும்பம் வாழும் வீடும்: யாழ்ப்பாணத்தில் வீடு வாங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

நல்லூரிலோ மானிப்பாயிலோ வட்டுக்கோட்டையிலோ ஒரு பழைய நாற்சார வீட்டின் (நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டப்பட்ட வீட்டின்) தலைவாசலைத் தாண்டி உள்ளே செல்பவர், முற்றத்தில் விழும் வெயிலையும் வழுவழுப்பான தூண்களையும் கண்ட மாத்திரத்தில், வீட்டை வாங்கிவிட வேண்டுமென்று பாதி முடிவெடுத்துவிடுகிறார். பத்து வீடு தள்ளி, ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட வீடு ஒன்றும் விலைக்கு நிற்கிறது. அதில் மூன்று அறைகளும் அறையோடு சேர்ந்த குளியலறையும் வாகனம் நிறுத்த இடமும் உண்டு; ஆயினும் அதைப் பார்த்துவிட்டு வருபவர்களின் முகத்தில் எந்த மலர்ச்சியும் தெரிவதில்லை. இந்த இரண்டுக்கும் இடையில் தெரிவு செய்ய வேண்டிய குடும்பங்களுக்காகவே இவ்வழிகாட்டியை எழுதுகிறேன்.

அழகை விரும்புவது பலவீனமென்றும் வசதியைத் தேடுவதே விவேகமென்றும் பலர் அறிவுரை சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. முப்பது நாற்பது ஆண்டுகள் வாழப்போகும் இடத்தில் மனம் நிறைவது பெரிய பயன். ஆனால் ஒரு வீட்டில் நம்மைக் கவரும் ஒவ்வொன்றையும், நம்மைத் தயங்கவைக்கும் ஒவ்வொன்றையும் எடுத்து, அதைப் பிற்பாடு பணத்தாலும் உழைப்பாலும் மாற்றவோ சேர்க்கவோ முடியுமா, முடியாதா என்று கேட்க வேண்டும். குளியலறையைப் பின்னர் கட்டலாம். நல்ல தண்ணீரைப் பின்னர் கொண்டுவர முடியாது. வயரிங்கை மாற்றலாம், நாற்பது வயதுள்ள மாமரத்தை எவராலும் வாங்கி நட முடியாது. கீழே வரும் படிகள் அனைத்தும் இந்தக் கேள்வியையே பின்பற்றுகின்றன.

முதலாம் படி: வீடு பார்க்கப் போகுமுன் வீட்டில் இருந்து பேசுங்கள்

யார் யார் அங்கே வாழப்போகிறார்கள், இன்னும் பத்து ஆண்டுகளில் அவர்களுடைய வயது என்ன, அவர்களில் எவர் வீட்டில் பகல் முழுவதும் இருப்பார் என்பவற்றை முதலில் தாளில் எழுதுங்கள். முழங்கால் நோவுள்ள அம்மம்மாவும் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் கைக்குழந்தையும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்களாயின், அவர்களது தேவைகள் ஒன்றோடொன்று மோதும் இடங்கள் இப்போதே தெரிந்துவிடும். அதோடு, பழைய வீட்டை ஆண்டுதோறும் பராமரிக்கப்போவது யார் என்பதையும் பெயர் குறித்து எழுதுங்கள். 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற பதில், உண்மையில் வீட்டிலுள்ள ஒரு பெண்ணின் தலையிலோ வெளிநாட்டிலுள்ள ஒரு தம்பியின் பணப்பையிலோ பொறுப்பை ஏற்றிவிடும் பதிலாகும்.

மனையடி சாத்திரமும் வாசல் பார்க்கும் திசையும் குடும்பத்தில் ஒருவருக்கேனும் முக்கியமென்றால், அவரை முதற்தடவையே அழைத்துச் செல்லுங்கள். முற்பணம் கொடுத்த பின்னர் கிளம்பும் ஆட்சேபம் எல்லோரையும் புண்படுத்தும்.

இரண்டாம் படி: உறுதி (காணி உரிமைப் பத்திரம்) சுத்தமாக இருக்கிறதா

வீட்டின் அழகைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் செய்து முடிக்க வேண்டிய வேலை இது. யாழ்ப்பாணத்தில் பழைய அழகிய வீடுகள் பெரும்பாலும் பலருக்கு உரித்தான வீடுகள். தாத்தா கட்டிய வீடு, சீதனமாகவோ முதுசமாகவோ கைமாறி, உடன்பிறந்தோருக்கிடையில் பிரிக்கப்படாமல் நின்று, 1990களின் இடப்பெயர்வுகளுக்குப் பின் உரித்தாளர்கள் கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் சிதறிப்போன வரலாறு அநேகமாக ஒவ்வொரு நாற்சார வீட்டுக்கும் பின்னால் உண்டு. எனவே வீடு எவ்வளவு பழையதோ அவ்வளவு கவனம் உறுதியில் வேண்டும்.

ஆகக் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கான உரிமைத் தொடரை, உறுதி எழுதிச் சான்றுபடுத்தும் நொத்தாரிசு ஒருவரைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தேடச் செய்யுங்கள். விற்பவர் கொண்டுவரும் நொத்தாரிசு அல்லாமல், உங்களுக்காக மட்டும் வேலை செய்யும் ஒருவராக அவர் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களின் காணியாயின் இரு விடயங்கள் தனிக்கவனத்துக்குரியவை. முதலாவது, மணமான பெண் தனது அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. இரண்டாவது, முன்கொள்வனவு உரிமை: 1947 ஆம் ஆண்டின் சட்டப்படி, பங்குக் காணியின் ஏனைய பங்காளிகளுக்கும், விற்பவரின் உரித்தாளர்களாகக்கூடியவர்களுக்கும் வெளியாருக்கு முன்னர் அதை வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்கப்படாமல் நடந்த விற்பனைக்கு எதிராகப் பின்னர் அவர்கள் நீதிமன்றத்தை நாட முடியும். அவர்களுடைய எழுத்துமூல மறுப்பைப் பெற்றுக்கொள்ளாமல் ஓர் அடியும் முன்வைக்க வேண்டாம்.

வெளிநாட்டிலுள்ளவருக்காக இங்குள்ள ஒருவர் அற்றோணித் தத்துவத்தை (தன் சார்பில் செயற்பட ஒருவருக்கு எழுத்தில் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தை) கொண்டு கையெழுத்திடுவது வழக்கம். அந்தத் தத்துவம் பதிவு செய்யப்பட்டதா, அதில் விற்பதற்கான அதிகாரம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா, அதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்ததும் அதன் வலு முடிந்துவிடுகிறது. இயலுமானால் அவருடன் காணொளி அழைப்பில் நேரே பேசுங்கள். வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தருபவர் வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ள உறவினராயின், 2014 ஆம் ஆண்டின் காணி உரிமைமாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவருடைய பெயரில் உறுதி எழுதுவதைத் தடுக்கக்கூடும் என்பதையும் நொத்தாரிசிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

வீட்டில் காவலுக்கு இருத்தப்பட்டவரோ வாடகைக்காரரோ பல ஆண்டுகளாக இருப்பாராயின், அவர் வெளியேறி வீடு வெறுமையாகக் கையளிக்கப்பட வேண்டுமென்று நிபந்தனை இடுங்கள். உரிமையாளருக்கு எதிராக ஒருவர் பத்து ஆண்டு காணியைத் தன் ஆட்சியில் வைத்திருந்தால் அது உரிமையாக மாறக்கூடிய நாடு இது. அவரோடு மரியாதையாகப் பேசுங்கள். யுத்த காலத்தில் அந்த வீட்டைக் காப்பாற்றியவர் பல வேளைகளில் அவரே.

முற்பணத்தைப் பற்றி ஒன்று. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியை விற்பதற்கான உறுதி மட்டுமன்றி, விற்பேன் என்ற உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட்டாலன்றிச் சட்டத்தில் வலுவற்றது. முத்திரை ஒட்டிய வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இலட்சக்கணக்கில் முற்பணம் கொடுப்பவர்கள், 'இந்த வீட்டை வேறு யாரேனும் எடுத்துவிடுவார்கள்' என்ற பதற்றத்தில்தான் கொடுக்கிறார்கள். அழகு நம்மிடம் செய்யும் முதற்கேடு அந்தப் பதற்றம்.

அடுத்து அளவு. உறுதியில் எழுதப்பட்ட அளவும் வேலிக்குள் உள்ள அளவும் ஒன்றல்லாமல் இருப்பது இங்கே சாதாரணம். இங்கே காணியை அளக்கும் அலகு பரப்பு; ஒரு பரப்பு 18 குழி, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கில், 4 பரப்பு என்பது 40 பேர்ச். நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்து வரைபடம் எடுங்கள். உறுதியின் அட்டவணையில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதைச் சொல்லுக்குச் சொல் வாசியுங்கள். வளவுக்குள் நிற்கும் கிணற்றில் அயலவருக்கு அரைப்பங்கு இருக்கலாம். அப்படியாயின் அந்தப் பக்கத்தை நீங்கள் ஒருபோதும் மதிலால் அடைக்க முடியாது.

மூன்றாம் படி: கிணற்றைக் கேளுங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. நாம் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்தப் படையைத்தான். ஒரு வீட்டின் விலையில் பெரும்பங்கு அதன் கிணற்றுக்குரியது என்றே நான் கருதுகிறேன். ஆனால் வாங்குபவர்கள் கிணற்றடியில் செலவிடும் நேரம் சில நிமிடங்கள்தான்.

தண்ணீரைப் பார்க்க ஏற்ற காலம் ஆவணியும் புரட்டாதியும். கோடை முடியும் அந்த நாட்களில் நீர்மட்டம் ஆகக் கீழே இருக்கும். உவர் ஏறுவதாயின் அப்போதுதான் தெரியும். மாரி முடிந்த கையோடு தையில் பார்த்தால், கடற்கரையோரக் கிணறுகூட இனிக்கும். அந்த மாதங்கள் வரை காத்திருக்க முடியாவிட்டால் அயல்வீடுகளில் கேளுங்கள்: புரட்டாதியில் தேநீருக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர் எடுக்கிறீர்கள் என்ற ஒரு கேள்வி போதும். மோட்டரை ஒரு மணித்தியாலம் தொடர்ந்து ஓடவிட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்த தண்ணீரைச் சுவைத்துப் பாருங்கள். அதிகம் இறைக்கும்போது கீழுள்ள உவர்நீர் மேலேறும் கிணறு அதிலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

நாக்குக்குப் புலப்படாதவை இன்னும் முக்கியமானவை. தோட்டங்களுக்கு இடும் உரமும் வீட்டு மலக்குழிகளும் சேர்ந்து குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றைக் கூட்டியிருக்கின்றன. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை இழக்கக்கூடும். கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் செறிவு சற்றுக் கூடும். ஆகவே நைத்திரேற்று, குளோரைட்டு, மலக்கிருமி ஆகிய மூன்றையும் ஆய்வுகூடத்தில் சோதித்து, எழுத்தில் முடிவைப் பெறுங்கள். சுன்னாகத்தை அண்டிய பகுதியாயின் எண்ணெய்க் கசிவையும் சேருங்கள். அங்குள்ள கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது.

மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே ஆகக் குறைந்தது 50 அடி இருக்க வேண்டுமென்பது பரவலாக அறியப்பட்ட விதி. வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணக்கல்லில் அழுக்கு அதைவிடத் தூரம் செல்லும். சிறு துண்டங்களாகப் பிரிக்கப்பட்ட திருநெல்வேலி, கொக்குவில் போன்ற நெருக்கமான இடங்களில் உங்கள் குழியைவிட அயலவரின் குழியே உங்கள் கிணற்றுக்குக் கிட்ட இருக்கலாம்; எட்டிப் பார்த்து அளந்துகொள்ளுங்கள். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்ட பின்னர் குழாய்நீர் குறித்த நம்பிக்கை வளர்ந்துள்ளது. உங்கள் ஒழுங்கையில் குழாய் பதிக்கப்பட்டிருக்கிறதா, அயல்வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று கண்ணால் பார்த்த பின்னரே அதைக் கணக்கில் சேருங்கள்.

தண்ணீர் தவறினால், முற்றமும் தூணும் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். இவ்வழிகாட்டியில் நான் விட்டுக்கொடுக்க மறுக்கும் இடங்கள் இரண்டே: உறுதி, தண்ணீர்.

நான்காம் படி: மேடு, பள்ளம், ஒழுங்கை

2008 கார்த்திகையில் வந்த நிஷா புயலின் மழையிலும் 2020 மார்கழியில் புரெவியின் மழையிலும் இந்த வளவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அயலில் உள்ள முதியவர்களிடம் கேளுங்கள். சுவரின் அடியில் ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கோடு, அவர்கள் சொல்ல மறந்ததையும் சொல்லும். பழைய வீடுகளின் உயர்ந்த அத்திவாரம் இந்த வெள்ளத்தை எண்ணியே அமைக்கப்பட்டது. ஆனால் வீதி பலமுறை உயர்த்தப்பட்டும் பக்கத்துக் காணிகள் மண் போட்டு நிரப்பப்பட்டும் இருந்தால், அன்றைய மேடு இன்றைய பள்ளமாகியிருக்கும். வெள்ளவாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்று அதன் வழியே நடந்து பாருங்கள்.

வளைந்து செல்லும் ஒழுங்கையும் இருமருங்கு வேலியும் காண இனியவை. நோயாளர் காவுவண்டி உள்ளே வருமா, மணல் ஏற்றிய உழவு இயந்திரம் திரும்புமா என்பதை மட்டும் உறுதிப்படுத்துங்கள்.

ஐந்தாம் படி: கூரையும் சுவரும்

இந்தப் படிக்கு அனுபவமுள்ள மேசன் ஒருவரையும் தச்சர் ஒருவரையும் கூலி கொடுத்துக் கூட்டிச் செல்லுங்கள். விற்பவரும் தரகரும் இல்லாத வேளையில் அரைநாள் தேவைப்படும்.

கூரையிலிருந்து தொடங்குங்கள். பழைய வீடுகளில் பீலி ஓடோ கள்ளிக்கோட்டை ஓடோ வேயப்பட்டு, அதன் கீழே பனஞ் சிலாகையும் (ஓட்டைத் தாங்கும் பனஞ்சட்டமும்) வளையும் இருக்கும். வைரமேறிய பனை தலைமுறைகளைத் தாண்டி நிற்கும். வைரம் குறைந்த இளம் பனையைக் கறையான் உள்ளிருந்து தின்றுவிடும், வெளித்தோற்றத்தில் ஒன்றும் தெரியாது. தச்சர் தட்டிப் பார்த்தால் ஓசையிலும் கூர்முனையால் குத்திப் பார்த்தால் கையிலும் அவருக்குத் தெரிந்துவிடும். சிலாகை சுவரில் இறங்கும் முனைகளையும், இரு கூரைகள் சந்திக்கும் தாழ்வாரப் பள்ளங்களையும், முற்றத்தைச் சுற்றியுள்ள மழைநீர்ப் பீலிகளையும் தனித்தனியே பாருங்கள். நாற்சார வீட்டில் நான்கு பக்கக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிவதால் ஒழுக்கு பெரும்பாலும் அந்த மூலைகளிலேயே தொடங்கும். அதே அளவு ஓடு இப்போது கடைகளில் கிடைக்காமல் போகலாம். இடிக்கப்படும் பழைய வீடுகளில் வாங்கிச் சேமிக்க வேண்டியிருக்கும். வளவின் மூலையில் ஓடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தால், அந்த வீட்டை அக்கறையாக ஒருவர் பராமரித்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

பழைய சுவர்கள் சுண்ணக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. அவற்றின் அடியில் நில ஈரம் மேலேறாமல் தடுக்கும் படை இல்லை. ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடுவதால் சுவர் காய்ந்துகொண்டே இருக்கும். பிற்காலத்தில் இதன்மேல் சீமெந்து பூசி, ஈரம் புகாத வர்ணமும் அடித்த வீடுகளில் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, பூச்சு பொருமி உதிரும். அவ்வாறான சுவருக்கு இன்னொரு தடவை சீமெந்து பூசச் சொல்லும் மேசனைவிட, பூச்சைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசத் தெரிந்த மேசனே உங்களுக்கு வேண்டும். அப்படியானவர்கள் குறைந்துவருகிறார்கள். வீட்டை வாங்குமுன்னரே ஒருவரைக் கண்டுபிடித்து வைப்பது நல்லது. கிடைக்கவில்லையாயின் அதுவும் ஒரு தகவல்தான்.

வெடிப்புகளைப் பொறுத்தவரை மயிரிழை போன்றவை அச்சத்துக்குரியவை அல்ல. யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, மேலே செல்லச் செல்ல அகலும் வெடிப்பு அத்திவாரம் இறங்குவதன் அடையாளம். அதன் முனையில் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதிவிட்டு, பேரம் நடக்கும் மாதங்களில் மீண்டும் சென்று பாருங்கள். இங்குள்ள வீடுகளுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: யுத்த காலத்தில் வளவில் பதுங்குகுழி எங்கே வெட்டப்பட்டிருந்தது, எதைக்கொண்டு மூடப்பட்டது? அந்த இடத்தில் பின்னர் ஓர் அறையையோ தண்ணீர்த் தாங்கியையோ எழுப்பியிருந்தால், குப்பையும் தளர்ந்த மண்ணும் இறுகும்போது அது சரியும். செல் விழுந்து ஒட்டுப்போடப்பட்ட சுவர்களையும் கேட்டறியுங்கள். வலிகாமம் வடக்கில் படையினரிடமிருந்து விடுவிக்கப்பட்ட காணிகளில் பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்த வீடுகளாயின், கூரை மீண்டும் போடப்பட்டிருந்தாலும், மழையில் நனைந்த சுவர்களின் உட்பகுதியைச் சோதியாமல் வாங்க வேண்டாம்.

புதிய வீடு இந்தப் படியில் தப்பிவிடும் என்று எண்ணாதீர்கள். கடற்காற்றும் உப்புக் கலந்த மணலும் கொங்கிறீற்றுக்குள் உள்ள கம்பியைத் துருவேற்றும். துருவேறிய கம்பி பருத்து, வளையின் அடியில் பழுப்புக் கோடாக வெளிப்பட்டு, பின் துண்டு துண்டாக உதிர்க்கும். ஐந்தாண்டு வயதுள்ள வீட்டில் அந்தக் கோட்டைக் கண்டால், கறையான் தின்ற நாற்சார வீட்டைவிட அதைத் திருத்துவது கடினம் என்பதை நினைவில் வையுங்கள். ஓட்டை மாற்றலாம், சிலாகையை மாற்றலாம். ஊறிப்போன தளத்தை உடைத்தே ஆக வேண்டும்.

வயரிங், மலசலகூடம், குசினி ஆகியவற்றைப் பற்றி அதிகம் வருந்த வேண்டியதில்லை. அவை பணத்தால் தீர்பவை. மின்கசிவைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச்சும் புவித்தொடுப்பும் இல்லாத வீட்டில் குடிபுகக் கூடாது என்பது மட்டும் கட்டாயம்.

ஆறாம் படி: அழகை எடைபோடுதல்

மேற்சொன்ன படிகளைத் தாண்டிய வீட்டில் மாத்திரமே அழகைப் பற்றிய பேச்சைத் தொடங்க வேண்டும். தொடங்கிய பின்னர் தாராளமாகப் பேச வேண்டும்.

உங்களைக் கவர்ந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி, அது என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். நாற்சார வீட்டு முற்றம் ஓர் அலங்காரமன்று. சூடான காற்று அதனூடாக மேலே எழ, சுற்றியுள்ள அறைகளுக்குள் குளிர்ந்த காற்று வருகிறது. பங்குனி, சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாமலேயே உட்காரக்கூடிய இடம் விறாந்தை. தடித்த சுண்ணாம்புச் சுவர் பகற்சூட்டை உள்ளே விடாமல் தாமதப்படுத்துகிறது. உயர்ந்த ஓட்டுக்கூரை வெப்பத்தைத் தலைக்கு மேலே வைத்துக்கொள்கிறது. மேற்குப் பக்கத்து வேம்பு மாலை வெயிலை வாங்கிக்கொள்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் தென்மேற்கு யன்னல்களைத் திறந்து வைத்தால் வீடு முழுவதும் மூச்சுவிடும். இவையெல்லாம் இந்த ஊரின் காலநிலைக்குக் கொடுக்கப்பட்ட விடைகள். இவற்றை அழகு என்ற தலைப்பில் மட்டும் எழுதுவது தவறு. வசதி என்ற பக்கத்திலும் இவற்றை எழுத வேண்டும். கொங்கிறீற்றுத் தட்டின் கீழே இரவு பத்து மணிக்கும் வியர்த்துக்கொண்டு, குளிரூட்டிக்கு மாதந்தோறும் மின்கட்டணம் செலுத்தும் குடும்பம், வசதியான வீட்டை வாங்கியிருக்கிறதா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

வேலை செய்யாத அழகும் உண்டு. மோட்டர் பூட்டிய கிணற்றின் மேல் நிற்கும் துலா (தண்ணீர் அள்ளும் ஏற்றமரம்), மதில் கட்டிய பின்னர் எதற்கும் வழிவிடாத சங்கடப் படலை (கூரையிட்ட வளவு வாசல்), எவரும் அமராத தெருத்திண்ணை ஆகியவை நினைவுக்கும் மரபுக்கும் உரியவை. அவற்றை வைத்திருக்க வேண்டுமென்றால் வைத்திருங்கள். அதற்காக விலையைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். செதுக்கு வேலைப்பாடுள்ள தேக்கு நிலையும் கதவும் இடைப்பட்டவை: அவை உறுதியானவை, இன்று அதே தரத்தில் செய்விக்க மிகுந்த செலவாகும், ஆனால் அவை இல்லாமலும் வீடு வீடாகவே இருக்கும்.

இரண்டாவது கேள்வி, அதை யார் பராமரிப்பார் என்பது. ஒவ்வோர் ஆண்டும் புரட்டாதிக்குள் கூரையில் ஏறி உடைந்த ஓடுகளை மாற்றி, பீலியிலுள்ள சருகை அள்ள வேண்டும். முற்றத்து வடிகால் அடைபட்டால் தண்ணீர் விறாந்தைக்கு ஏறும். தேங்கி நின்றால் நுளம்பு பெருகும், மாரிக்காலம் இங்கே டெங்குக் காலமும்கூட. இந்த வேலைகளுக்கு வீட்டில் ஆளோ, ஆண்டுக்கு ஒருமுறை கூலிக்குப் பணமோ இல்லையென்றால், அந்த அழகு உங்கள் கையில் ஐந்தாறு ஆண்டுகளில் சிதைந்துபோகும்.

மூன்றாவது கேள்வியே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: வாங்கிய பின் அதை அப்படியே வைத்திருப்பீர்களா? பாதுகாப்புக்காக முற்றத்தின் மேல் கம்பி வலையும், மழைக்காக அதன் மேல் தகரமும், அதன் கீழ் புதிய தரைக்கல்லும் போடப்போகிற குடும்பம் நாற்சார வீட்டை வாங்கக் கூடாது. காற்றோட்டத்தை அடைத்த பின் அந்த வீடு புதிய வீட்டைவிட வெப்பமாகவும் இருளாகவும் ஆகிவிடும். அதற்கு நீங்கள் கூடுதல் விலையும் கொடுத்திருப்பீர்கள். எதை மாற்றப்போகிறீர்கள் என்று மனதில் உள்ள பட்டியலை எழுதிப் பாருங்கள். உங்களைக் கவர்ந்தவற்றில் பாதி அந்தப் பட்டியலில் இருந்தால், அந்த வீட்டை அதை விரும்பும் வேறொருவருக்கு விட்டுவிடுவதே இரு தரப்புக்கும் நல்லது.

கவர்ச்சி பழைய வீட்டுக்கு மட்டும் உரியதன்று. வெளிநாட்டுப் பணத்தில் எழுப்பப்பட்ட மாடி வீடுகளின் அகன்ற படிக்கட்டும், மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடியும், பளபளக்கும் தரைக்கல்லும் அதே மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். நனைந்த காலோடு கிணற்றடியிலிருந்து வரும் முதியவர் அந்தத் தரையில் வழுக்கி விழுவார். மேற்குக் கண்ணாடிக்குத் திரை போட்டு ஆண்டு முழுவதும் மூடியே வைத்திருப்பீர்கள்.

ஏழாம் படி: ஒரு நாளை நடந்து பாருங்கள்

விற்பவரின் அனுமதியோடு, குடும்பத்தினர் அனைவரும் வீட்டுக்குச் சென்று ஒரு சாதாரண நாளைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடித்துப் பாருங்கள். அதிகாலை ஐந்து மணிக்குத் தேநீர் வைப்பவர் எங்கே நிற்கிறார்? புகை எங்கே போகிறது? பாடசாலைக்குப் புறப்படும் நேரத்தில் ஒரே குளியலறைக்கு எத்தனை பேர் காத்திருப்பார்கள்? நள்ளிரவில், மார்கழி மழையில், வாடைக்காற்றில், அம்மம்மா படுக்கையிலிருந்து மலசலகூடத்துக்குப் போகும் வழியை அவரையே நடக்கச் சொல்லுங்கள். எத்தனை படிகள், எங்கே பிடிமானம், எங்கே வெளிச்சம் இல்லை என்பதை அவர் சொல்வார். பழைய வீடுகளின் உயர்ந்த வாசற்படி வெள்ளத்துக்கு நல்லது, முழங்காலுக்குக் கெட்டது; ஒரு சாய்தளம் அமைக்க இடமிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். படிக்கும் பிள்ளைக்குக் கதவைச் சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும். நாற்சார வீட்டில் முற்றத்தின் ஒரு பக்கத்துப் பேச்சு மறுபக்கத்தில் தெளிவாகக் கேட்கும்.

இங்கே தெரியவரும் குறைகளைச் சேர்க்கக்கூடியவை, சேர்க்க முடியாதவை என்று பிரியுங்கள். அறையோடு ஒட்டி ஒரு குளியலறை கட்டப் பின்பக்கம் இடமுண்டா, அதன் கழிவு கிணற்றுக்கு எதிர்த்திசையில் செல்லுமா என்று மேசனிடமே கேட்டு, செலவை எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலான பழைய வீடுகளில் இந்த ஒரு சேர்க்கை போதும், 'வசதியில்லை' என்ற முறைப்பாட்டில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

எட்டாம் படி: முழுக் கணக்கு

வீட்டின் விலை மட்டும் கணக்கன்று. 2 கோடி ரூபாய்க்கு ஒரு வீட்டை வாங்குவதாகக் கொள்வோம். முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் என்ற கணக்கில் 7 இலட்சத்து 99 ஆயிரம் ரூபாய் வரும். உறுதியில் குறைத்து எழுதினால் தப்பலாம் என்பவர்களை நம்ப வேண்டாம். தீர்வை மதிப்பிடப்படும் பெறுமதிக்கே உரியது, குறைத்து எழுதிய உறுதி பின்னர் வங்கிக் கடனுக்கும் இடைஞ்சலாகும். இதன்மேல் நொத்தாரிசின் கட்டணம், அளவைக் கட்டணம், தரகர் பணம், ஆய்வுகூடச் செலவு ஆகியவற்றைச் சேருங்கள். நிலுவையிலுள்ள சோலைவரியை (உள்ளூராட்சிச் சபைக்குச் செலுத்தும் ஆதனவரியை) விற்பவர் கட்டி முடித்த பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

பின்னர் இரு வீடுகளுக்கும் பத்தாண்டுச் செலவை எழுதுங்கள்: பழைய வீட்டுக்குக் கூரையும் சுண்ணாம்பும் தச்சு வேலையும், புதிய வீட்டுக்கு வர்ணமும் குளிரூட்டியும் மின்கட்டணமும். மேசனும் தச்சரும் தந்த திருத்தச் செலவோடு இன்னும் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்வது என் பரிந்துரை, ஏனெனில் பழைய கூரையைத் திறந்தால்தான் முழு உண்மையும் தெரியும். அந்தத் தொகையைக் காட்டியே விலை பேசுங்கள். 'பழைய வீடுதானே' என்று பொதுவாகக் குறைசொல்லிக் கேட்பதைவிட, இன்ன சிலாகை, இன்ன சுவர், இவ்வளவு செலவு என்று தச்சரின் தாளைக் காட்டிக் கேட்பது விற்பவருக்கும் மரியாதை. அது அவர்கள் பிறந்து வளர்ந்த வீடாக இருக்கலாம்.

கையிலுள்ள பணம் முழுவதும் வாங்குவதிலேயே முடிந்து, திருத்தத்துக்கு ஒன்றும் மிஞ்சாதென்றால் அந்தப் பழைய வீடு உங்களுக்குரியதன்று. அதே பணத்தில், நல்ல தண்ணீரும் இரண்டு மூன்று மரங்களும் உள்ள வளவில் சாதாரணமான ஒரு வீட்டை வாங்கி, அகன்ற ஒரு விறாந்தையை இறக்கிக்கொள்ளலாம். குடாநாட்டின் வெயிலில் ஒரு வீட்டின் குணத்தை மாற்ற விறாந்தை ஒன்றே போதும்.

ஒன்பதாம் படி: முடிவும் அதற்குப் பின்னரான வரிசையும்

குடும்பத்தில் ஒருவர் வீட்டை மிகவும் விரும்பி, இன்னொருவர் மறுக்கும்போது, வாக்கெண்ணிக்கையால் முடிவெடுக்காதீர்கள். மறுப்பவரின் காரணம் சேர்க்கக்கூடிய குறையைப் பற்றியதா என்று பாருங்கள். ஆமென்றால், அந்தச் சேர்க்கையைக் குடிபுகுமுன் செய்து முடிப்பதாக உறுதியளித்து, அதற்குரிய பணத்தை ஒதுக்கி வையுங்கள். சேர்க்க முடியாத குறையென்றால் அவருடைய மறுப்பே மேலோங்க வேண்டும். பகலில் வீட்டில் இருப்பவரின் சொல்லுக்கு, வேலைக்குப் போய் இரவில் திரும்புபவரின் சொல்லைவிடக் கூடுதல் எடை கொடுங்கள்.

உறுதி கையெழுத்தானதும் அதே கிழமையில் காணிப் பதிவகத்தில் பதிவுக்குக் கொடுக்கச் செய்யுங்கள். ஒரே காணிக்கு முரணான இரு உறுதிகள் வெளிப்படும்போது, நேர்மையாகப் பெற்று முன்னர் பதியப்பட்டதே முந்துரிமை பெறும். அதன்பின் வேலைகளைக் கூரை, வடிகால், மின்சாரம், கிணறு இறைத்துத் துப்புரவாக்கல், குளியலறை, சுவர்ப்பூச்சு என்ற ஒழுங்கில் செய்யுங்கள். வர்ணம் கடைசி. சித்திரையில் வீடு கைக்கு வந்தால் புரட்டாதிக்குள் கூரை முடிந்துவிட வேண்டும்; ஆவணிக்குப் பின் கைக்கு வந்தால் ஓட்டைப் பிரிக்காமல் ஒழுக்குகளை மட்டும் அடைத்துவிட்டு, முழுக் கூரை வேலையைத் தை மாதத்துக்கு ஒத்திவையுங்கள். அந்த ஒரு மாரியை வீட்டுக்குள் இருந்து பார்த்தீர்களானால், தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே நிற்கிறது, எந்தச் சுவர் நனைகிறது என்பது தச்சரும் மேசனும் சொல்லாமலே தெரிந்துவிடும்.